மும்பை கலைப் பயணம்: மாணவர்கள் நம்பிப் பணம் கட்டலாமா?

மாணவர்களை மும்பையின் கேலரிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கூட்டிக்கொண்டு போகிற ஒரு பயணத்தில் போய்வந்தேன். நுண்கலையோ விஸ்காமோ (காட்சித் தொடர்பியல்) கட்டடக்கலையோ படிக்கிறவர்கள் இந்த மாதிரி குறுகிய மும்பைப் பயணத்துக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டால், கட்டலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கட்டுவதற்கு முன்னால், எந்தக் கிழமை எந்த இடம் என்று எழுதின அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். ஏற்பாடு செய்தவர்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சின்னக் குழு, அக்கறையோடு செய்கிறார்கள், குறைகளை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். இதே பாணியில் பயணம் நடத்துகிறவர்கள் இன்னும் சிலர் இருப்பதால், யாரோடு போனாலும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

கட்டணம் ஒருவருக்கு 14,000 ரூபாய்க்குச் சற்று மேல். ரயில் டிக்கெட் நம் செலவு. தங்குமிடம், காலைச் சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுச்சீட்டு, வழிகாட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். தங்கினது கொலாபா பக்கம் ஒரு விடுதி, சுத்தமாக இருந்தது, அது போதும். அந்த இடத்தைப் பிடித்ததுதான் புத்திசாலித்தனம். ஏனென்றால் மும்பையின் கலை உலகத்தில் பாதிக்கு மேல் கொலாபா, காலா கோடா, ஃபோர்ட் என்கிற மூன்று பகுதிக்குள் நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது. ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி, அதை ஒட்டி சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம், எதிர்ப்பக்கம் தேசிய நவீன கலைக்கூடம், பின்தெருக்களில் தனியார் கேலரிகள். டெல்லியில் இப்படிப் பார்க்க வேண்டுமென்றால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓவியம் பார்க்க எல்லோரும்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு ஓவியம் வரைந்தவர் கையைவிட்டுக் கிளம்பி யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் நடுவில் யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை இந்தப் பயணத்தில் காட்டினார்கள். கல்லூரியில் எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. வண்ணம், வடிவம், வரலாறு எல்லாம் உண்டு. படத்துக்கு என்ன விலை வைப்பது, யாரிடம் போய்க் கேட்பது என்று வரும்போது மட்டும் ஆசிரியர்களும் கொஞ்சம் கூச்சப்படுகிறார்கள், நாங்களும் கூச்சப்படுகிறோம்.

ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியில் அந்தக் கூச்சம் பாதி போய்விட்டது. 1952இல் ஆரம்பித்த இடம், நுழைவுக்கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். இங்கே ஓவியர்கள் விண்ணப்பித்து, தேர்வுக் குழு ஒப்புக்கொண்டால், வாடகை கட்டி ஒரு வாரம் போல அரங்கை எடுத்துக் கண்காட்சி வைக்கிறார்கள். தேதி கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டு. அதனால் பெரும்பாலும் ஓவியரே படங்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போய்ப் பேசலாம். மகாராஷ்டிராவின் ஒரு சிற்றூரிலிருந்து வந்திருந்த நீர்வண்ண ஓவியர் ஒருவர், நாங்கள் மாணவர்கள் என்று தெரிந்ததும் தன் செலவு நோட்டையே பிரித்துக் காட்டினார். அரங்க வாடகை, ஃபிரேம், லாரிக்கூலி, அழைப்பிதழ் அச்சு, ஒரு வாரம் லாட்ஜ், கூட வந்த தம்பியின் சாப்பாடு வரை நீல மையில் வரிசையாக எழுதியிருந்தார், வலது பக்கம் விற்ற படங்களுக்காக விட்டிருந்த பத்தியில் அதுவரை இரண்டே வரி. "அடுத்த தடவை வரும்போது இவ்வளவு பெரிய ஃபிரேம் போடமாட்டேன்" என்று இந்தியில் சொன்னார், எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா அதைத் தமிழில் சொன்னார். அந்த நோட்டில் இருந்த பக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது. எங்களில் பாதிப்பேர் அவர் அனுமதியோடு அதை அப்படியே எழுதிக்கொண்டோம்.

வெளியே நடைபாதையிலும் ஓவியர்கள் இருக்கிறார்கள். சுவரில் படங்களைச் சாய்த்துவைத்து, முன்னால் உட்கார்ந்து வரைந்துகொண்டே விற்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் நடுவில் சில படிகள்தான். உள்ளே போய் நேரத்தைச் செலவழித்துவிட்டு இவர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஆள் முகத்தைச் சில நிமிடத்தில் கரிக்கோலில் பிடிக்கிற கை அங்கே இருக்கிறது. எங்கள் வழிகாட்டி அங்கே நிறுத்தி நிதானமாகப் பார்க்கவிட்டது எனக்குப் பிடித்தது. ஜஹாங்கீருக்குள் 1964இலிருந்து 2015 வரை சமோவர் என்று ஒரு சிற்றுண்டிச்சாலை இருந்ததாம், ஓவியர்கள் டீயும் கையுமாக மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த இடம். மூடியபிறகு அப்படி உட்கார்ந்து பேச ஓரிடம் இல்லாத குறையை மூத்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். எங்களுக்கே ஒரு கண்காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்ததும் எங்கேயாவது உட்கார்ந்து பேசினால் தேவலை என்றிருந்தது, நேராக அடுத்த இடத்துக்கு நடக்கவைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஃபிரேம் பட்டறை. பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான், அட்டவணையில் ஒரே ஒரு வரியாகத்தான் போட்டிருந்தார்கள். மும்பையில் ஃபிரேமுக்கும் கேலரிக்கும் பழைய உறவு உண்டு. இன்று ஃபோர்ட்டில் பிரெஸ்காட் ரோட்டில் இருக்கிற செமோல்ட் கேலரியின் தொடக்கமே 1940களில் கேகூ காந்தி நடத்திய ஃபிரேம் தொழில்தான். இளம் ஓவியர்களின் படங்களை அந்த ஃபிரேம்களில் மாட்டிக் காட்டிக்காட்டி, 1963இல் ஜஹாங்கீரின் முதல் மாடியில் அவரும் கோர்ஷெட் காந்தியும் கேலரியாகவே திறந்தார்கள். 2007இல்தான் இப்போதைய இடத்துக்குப் போனது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு எங்களை ஒரு சந்துக்குள் இருந்த சின்னப் பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் மவுண்ட் போர்டை, அதாவது ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கிற தடித்த அட்டையை, சாய்வாக வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு, மூலையில் ஒரு மயிரிழைகூட மிஞ்சாமல் துண்டு தனியாகக் கழன்று விழுந்தது. காகிதத்தில் வரைந்த படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைக்கவே கூடாது என்று சொல்லி, பழுதுபார்க்க வந்திருந்த ஒரு பழைய படத்தைக் காட்டினார். மழைக்காலத்து ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் கோத்து, வண்ணம் கண்ணாடியில் ஒட்டி, ஓரமெல்லாம் பழுப்புப் பூஞ்சை. நடுவில் மெல்லிய பட்டை வைத்து இடைவெளி விட்டால் இது வராது, பின்னால் அமிலமில்லாத அட்டை போட வேண்டும், பழைய செய்தித்தாளை வைத்து அடைக்கவே கூடாது. ஊரில் கடையில் கொடுத்து நாங்கள் போட்டுவைத்திருக்கிற ஃபிரேம்கள் எல்லாம் எங்கள் கண் முன்னால் வந்துபோயின. கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பட்டறைக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள், அரை நாள் கொடுத்திருந்தாலும் போதாது.

தனியார் கேலரிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனியாக மும்பை போகிற மாணவர்கள் இவற்றுக்குள் நுழையத் தயங்கியே திரும்பி வந்துவிடுகிறார்கள். பல கேலரிகளுக்குத் தெருவில் பெரிய பலகை கிடையாது. பழைய கட்டடம், கீழே காவலாளி, மாடியில் மூடிய கதவு. பார்த்தால் யாரோ பணக்காரர் வீடு மாதிரி இருக்கும். ஆனால் கதவைத் திறந்து உள்ளே போகலாம், கட்டணம் இல்லை, வாங்குவீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். மேசையில் இருப்பவரிடம் விலைப்பட்டியல் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். எங்கள் வழிகாட்டி முன்பு ஒரு கேலரியில் வேலை பார்த்தவர், அதனால் ஒரு கேலரியின் பின்னறைக்குள்ளேயே போக முடிந்தது. இரும்புச் சட்டங்களில் படங்களைத் தொங்கவிட்டு, புத்தக அலமாரி மாதிரி ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்க்கிற ஏற்பாடு. அங்கேதான் பணம் எப்படிப் பிரிகிறது என்று சொன்னார்கள். விற்ற விலையில் கேலரிக்கு முப்பதிலிருந்து ஐம்பது சதவீதம் வரை போவது வழக்கம். கேட்டதும் எங்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஆனால் அந்தப் பங்குக்குள் இடத்தின் வாடகை, விளக்கு, காப்பீடு, பட்டியல் அச்சிடுவது, வாங்குகிறவர்களை வருஷக்கணக்காகப் பழகி வைத்திருப்பது எல்லாம் அடங்கும் என்று ஒவ்வொன்றாக விளக்கியபோது நியாயம் இருப்பது புரிந்தது. ஜஹாங்கீரில் பார்த்த அந்தச் செலவு நோட்டும் இதுவும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். ஒன்றில் எல்லாச் செலவும் ஓவியர் தலையில், விற்றது முழுக்க அவருக்கு, இன்னொன்றில் செலவு கேலரி தலையில், விற்றதில் பங்கு பிரிகிறது. இப்படி இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியது திட்டமிட்டதோ தற்செயலோ, இந்தப் பயணத்தின் பெரிய பலம் அதுதான்.

ஏலத்தைப் பற்றியும் அங்கே பேச்சு வந்தது. எம்.எஃப். ஹுசைன் 1954இல் வரைந்த 'கிராம யாத்திரை' ஓவியம் 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1.38 கோடி டாலர், அதாவது நம் பணத்தில் 118 கோடி ரூபாய்க்கு அருகில், விலைபோனது. ஹுசைன் ஒரு காலத்தில் இதே மும்பையில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர், 2011இல் இறந்துவிட்டார். அந்தப் படத்தை 1954இலேயே வாங்கிய நார்வே மருத்துவர் பின்னாளில் ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டதால், விற்ற பணம் மருத்துவர்களின் பயிற்சிக்குப் போகிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஓவியர் விற்கிற முதல் விற்பனை வேறு, வாங்கினவர்கள் பிறகு விற்கிற மறுவிற்பனை வேறு என்பது இந்த ஒரு உதாரணத்திலேயே எங்களுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு உண்டு, அதிகபட்சம் பத்து சதவீதம் என்று அது சொல்கிறது. எங்களில் ஒருவருக்குக்கூட அதுவரை இது தெரியாது. ஓவியக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே சொல்லவேண்டிய விஷயம், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இனி குறைகள். அருங்காட்சியகப் பகுதியில்தான் கோட்டைவிட்டார்கள். தேசிய நவீன கலைக்கூடத்துக்கு எங்களைத் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றோம். பல தனியார் கேலரிகளும் ஞாயிறு திங்களில் மூடியிருக்கும், எலிஃபன்டா குகைக்கும் திங்கள் விடுமுறை, பைகுல்லாவில் இருக்கும் டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குப் புதன் விடுமுறை. இதெல்லாம் ரகசியமில்லை, ஒரு நாள் முன்னால் பார்த்திருந்தால் போதும். இதற்காகத்தான் கிழமையோடு அட்டவணை கேளுங்கள் என்று முதலிலேயே சொன்னேன். அன்றைக்குக் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே திங்கட்கிழமையும் திறந்திருக்கிற ஜஹாங்கீரில் அந்த நேரத்தைக் கழித்திருக்கலாம்.

நவீன கலைக்கூடத்தைக் கடைசி நாளில் பெட்டி படுக்கையோடு ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தோம். 1911இல் கட்டின பொதுக்கூட்ட மண்டபம் அது. 1996இல் கலைக்கூடமாகத் திறந்தபோது, வெளிச்சுவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வளைவான தளங்களாக அடுக்கியிருக்கிறார்கள், ஏறிக்கொண்டே போனால் உச்சியில் கவிகைக்குக் கீழே ஒரு கூடம். படங்களுக்காக மட்டுமில்லை, பழைய கட்டடத்தைக் கெடுக்காமல் எப்படிப் புதிதாகப் பயன்படுத்துவது என்பதற்காகவும் பார்க்கவேண்டிய இடம். கட்டடக்கலை மாணவர் ஒருவர் படிக்கட்டின் வளைவை வரைய உட்கார்ந்தார், பாதியில் எழுப்பிவிட்டார்கள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று. அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்திலும் அதே அவசரம். 1905இல் அடிக்கல் நாட்டி, கட்டி முடியும் சமயத்தில் முதல் உலகப் போர் வந்து ராணுவ மருத்துவமனையாகி, 1922இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்த இடம். சிற்பம், சிற்றோவியம், டாட்டா குடும்பத்தார் சேர்த்த ஐரோப்பிய ஓவியங்கள், அசீரியப் புடைப்புச் சிற்பம் என்று ஒரு முழு நாள் போதாது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு காலைப்பொழுது. நான் மற்றதை விட்டுவிட்டுச் சிற்றோவியக் கூடத்திலேயே நின்றுகொண்டேன். ஒரு படத்தில் விரல் நகம் அளவு முகம், அதில் புருவம், இமை, காதோரத்தில் காற்றில் பறக்கிற ஒரு முடிச்சுருள் வரைக்கும் தனித்தனிக் கோடு. அணில் மயிரால் கட்டின தூரிகையில் இழுத்தது. மேலாடை மெல்லிய துணி என்று காட்ட, கீழே இருக்கும் பாவாடையின் சிவப்பை முழுசாக வரைந்துவிட்டு அதன்மேல் நீர்த்த வெள்ளையை இழை இழையாகப் போட்டிருக்கிறார்கள், கண்ணாடிக்கு மூக்கு ஒட்டுகிற தூரத்தில் பார்த்தால்தான் தெரியும். அச்சில் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த வெள்ளை வராது. மாணவர்களை நேரில் கூட்டிக்கொண்டு போக இது ஒன்றே போதுமான காரணம். இப்படி ஒரு படத்தின் முன்னால் நிற்க நேரம் கொடுக்காமல் அடுத்த கூடம் அடுத்த கூடம் என்று விரட்டினால் என்ன பயன்?

இதற்கு நேர் எதிராக, பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு எங்களை முழுசாக விட்டுவிட்டார்கள், யாரும் பின்னால் வந்து விளக்கவில்லை. சி.எஸ்.எம்.டி. என்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்தில் ஏறினால் பைகுல்லா மூன்றாவது நிறுத்தம், டிக்கெட் 5 ரூபாய், இறங்கி விலங்குக்காட்சிசாலைப் பக்கமாக நடக்க வேண்டும். 1872இல் திறந்த மும்பையின் பழமையான அருங்காட்சியகம். உள்ளே பச்சையும் தங்கமுமாக வார்ப்பிரும்புத் தூண்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் காலத்துத் தொழில்களையும் மக்களின் உடைகளையும் காட்டுகிற சின்னச் சின்னக் களிமண் பொம்மைகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின, தலைப்பாகைக் கட்டு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். இந்தப் பழைய பொருட்களுக்கு நடுவே இன்றைய கலைஞர்களின் படைப்புகளையும் வைத்துக் கண்காட்சி நடத்துவது இவர்கள் வழக்கம். வெளியே தோட்டத்தில் ஒரு கல் யானை நிற்கிறது, எலிஃபன்டா தீவுக்குப் பெயர் வாங்கித் தந்த அதே யானை. இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கும்போது உடைந்து, பிறகு துண்டுகளைச் சேர்த்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். சேர்த்த கோடுகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

ஜே.ஜே. கலைப்பள்ளி வளாகத்துக்கும் முன்னனுமதி வாங்கிக் கூட்டிப்போனார்கள். 1857இல் தொடங்கியது, நம் சென்னை ஓவியப் பள்ளி அதைவிட ஏழு வருஷம் மூத்தது என்று எங்கள் குழுவில் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ரஸா, கைதோண்டே, தயெப் மேத்தா, அக்பர் பதம்சீ என்று ஓவியர்களின் பெரிய பட்டியலே அங்கிருந்து வந்தது. 1947இல் சூஸா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆகிய ஆறு பேர் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கிய கதையை வழிகாட்டி அங்கேதான் சொன்னார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஆதரித்ததற்காக சூஸா இதே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்று அங்கேயே ஒரு மரத்தடியில் நின்று கேட்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. அங்கே படிக்கிற மாணவர்களோடு பேசவும் கொஞ்ச நேரம் கிடைத்தது. இடத்துக்கு அவர்களும் அல்லாடுகிறார்கள், பெரிய கான்வாஸை வைக்க இடமில்லாமல் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம் என்றார் ஒரு மாணவி.

மொழி விஷயத்தில் ஏற்பாட்டாளர்கள் இன்னும் கவனம் எடுக்க வேண்டும். வழிகாட்டி ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசினார். அக்கா பக்கத்தில் இருந்தவரைக்கும் தமிழில் சொன்னார், அவர் டிக்கெட் வாங்கவோ சாப்பாடு சொல்லவோ போய்விட்டால் தமிழ்வழியில் படித்துவந்தவர்கள் பின்வரிசையில் அமைதியாக நின்றுவிட்டார்கள். சுவரில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குறிப்புகளின் ஆங்கிலமோ ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே சிரமம். ஆனால் அந்தப் பட்டறையில் வெட்டின மூலையை விரலால் தடவிப் பார்த்து நிறையக் கேள்வி கேட்டது அந்தப் பின்வரிசைப் பிள்ளைகள்தான். முன்கூட்டியே நாலு பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு அச்சடித்துக் கொடுத்தால் பெரிய செலவு ஆகாது, கொடுக்க வேண்டும்.

இன்னொன்று நன்றாக இருந்தது. தினமும் இரவு, அன்றைக்குப் பார்த்ததில் ஒரே ஒரு படைப்பைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதி வாசிக்கச் சொன்னார்கள், அழகாக இருந்தது என்கிற சொல் மட்டும் கூடாது. எல்லோரும் களைத்துப்போய்த்தான் உட்கார்ந்தோம். ஆனால் ஒரே இடத்துக்குப் போய்விட்டு ஒருவர் படத்தின் ஓரத்தில் இருந்த ஆணியைப் பற்றியும் இன்னொருவர் காவலாளியின் நாற்காலியைப் பற்றியும் எழுதி வந்தபோது தூக்கம் போய்விட்டது.

இவர்களோடு போகிறவர்களுக்கு: வசதியான செருப்பு, சின்ன ஸ்கெட்ச் புத்தகம், பென்சில் போதும். மை, வண்ணம் எல்லாம் அருங்காட்சியகத்துக்குள் விடமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போகாதீர்கள். ஜனவரியில் மும்பை கேலரி வார இறுதி நடக்கும், அப்போது கேலரிகள் சேர்ந்து புதிய கண்காட்சிகளைத் திறக்கின்றன, கலைஞர்களே பேசுகிறார்கள். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ நடக்கும் காலா கோடா கலை விழாவில் கூட்டம் அதிகம், அமைதியாகப் படம் பார்க்க அது சரிப்படாது. அடுத்த குழுவை ஜனவரிக்கு மாற்றுங்கள், அருங்காட்சியகங்களில் ஒன்றைக் குறைத்துவிட்டுப் பட்டறைக்கு அரை நாள் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பதிவு செய்யும்போது நீங்களும் அதைக் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் நிச்சயம் மாற்றுவார்கள்.